வாளியைப் படம் பிடிக்கிறவர்களுக்கு

"தாத்தா, மக்கும் குப்பைன்னா என்னன்னு தெரியுமா?"

என்னிடம்தான் கேட்டாள். முப்பத்தாறு வருடம் இந்த நகரத்தின் குப்பைக்குள் நின்றவனிடம், இரண்டு மழைக்காலத்திலும் உரக்குவியலின் சூடு அணையாமல் காத்தவனிடம், பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் போன மாதம் காலையில் வாசலில் நின்று கேட்டாள். கையில் போன், தோளில் பை. பையிலிருந்து ஒரு நோட்டீஸ் எடுத்துக் கொடுத்தாள். கேட்டில் கட்டம் கட்டமாக இருக்கிற ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். என் பச்சை வாளியின் மூடியைத் திறந்து, போனை நீட்டிப் படம் பிடித்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே வைத்து, உரம் செய்வது எப்படி என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

நான் தொட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன்.

"பிள்ளே, இதுல ஓட்டை எங்க?"

"ஓட்டை வேண்டாம் தாத்தா. பவுடர் தந்திருக்கு. மேல தூவி மூடி வச்சா போதும்."

"காத்து போவாம மக்குமா? அழுவும். புழு வரும். நாலாம் நாள் நீயே மூக்கைப் பொத்துவ."

"எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான் தாத்தா" என்றாள். முகம் வாடிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தக்காரன் கொடுத்ததைச் சுமந்து வருகிற பிள்ளை. என் கோபமெல்லாம் இதை உட்கார்ந்து யோசித்தவர்கள்மேல்.

நோட்டீஸைப் பேரன் வாசித்துக் காட்டினான். வீட்டுச் சமையல் கழிவை இனி வீட்டிலேயே உரமாக்க வேண்டுமாம். முடியாதவர்கள் பிரித்து வாளியில் வைக்க வேண்டுமாம். இதுவரை சரி. நானே இருபது வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னதுதான். அதற்கு அடுத்த வரிதான் என்னை எழுப்பி நிறுத்தியது. ஒவ்வொரு வீட்டு வாளியும் தினமும் படம் பிடிக்கப்படும், அந்தப் படம் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும் என்று இருந்தது.

அன்று மத்தியானமே என் வாளியின் படம் வந்துவிட்டது. வாளியில் ஒரு குற்றமும் கிடையாது, கிழங்குத் தோலும் முருங்கைக் காம்பும் தேங்காய்ப்பூவும் மட்டும்தான். ஆனால் வாளிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த பால்பவுடர் டின்னும் படத்தில் விழுந்திருந்தது. அதில் சிவப்புப் பெயிண்டில் 'ஊசி' என்று எழுதியிருப்பேன். படத்துக்குக் கீழே ஒருத்தர், "மேஸ்திரிக்கும் சுகரா?" என்று கேட்டிருந்தார். இன்னொருத்தர் சிரிக்கிற மூஞ்சி ஒன்று போட்டிருந்தார்.

எனக்குச் சுகர்தான். ஆறு வருடமாக ஊசிதான். வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் என்னை உட்கார விடவில்லை. வெட்கப்படுத்தப்பட்ட ஒரு வீடு தன் குப்பையை என்ன செய்யும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

நான் அருமனைப் பக்கத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரப்பர்த் தோட்டத்தில் பால் சுமந்தேன், கருங்கல் ஊர்ச் சந்தையில் கிழங்கு மூட்டை இறக்கினேன், பிறகு நகரத்துக்கு வந்து தினக்கூலியாகத் தள்ளுவண்டி பிடித்தேன். தள்ளுவண்டியிலிருந்து லாரி, லாரியிலிருந்து நிரந்தரம், நிரந்தரத்திலிருந்து மேஸ்திரி. எவன் சிபாரிசும் கிடையாது. வேலை தெரிந்தவன் என்று சொல்லி மேலே ஏற்றினார்கள், ஏறினேன்.

நகரத்தில் உரக்கூடம் தொடங்கியபோது, அதைப் பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டதற்கு என் பெயரைத்தான் சொன்னார் தாசையன் சார். அவர் எங்கள் சுகாதார ஆய்வாளர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. எங்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்லுவார், தள்ளுவண்டிக்காரனையும் கூட. பெரிய அதிகாரி ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உரக்கூடத்துக்குள் நுழைந்தபோது, "சார், நாற்றம் அடிச்சா அது எங்க தப்பு. மூக்கைத் திறந்து பார்த்துச் சொல்லுங்க" என்று சொன்னவர். அந்த அதிகாரியும் திறந்தார். மழை பெய்து ஓய்ந்த காட்டு மண்ணின் வாசம்தான் அங்கே இருந்தது. அந்த வாசம் என் கையால் வந்தது.

எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன், பவுடர் தூவுகிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். அடியில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, துண்டு துண்டாக வெட்டிப் பரப்ப வேண்டும். தண்ணீர் வடியவும் காற்று ஏறவும் அதுதான் வழி. அதன்மேல் நறுக்கிய ஈரக்குப்பை ஒரு சாண். அதன்மேல் சாணியும் வெல்லமும் புளித்த மோரும் கரைத்த தண்ணீர். அதன்மேல் காய்ந்த இலை. இப்படி இடுப்பு உயரம் வரை. மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிச் சற்று நேரம் கழித்து உருவிப் பிடிக்க வேண்டும். கை பொறுக்காமல் சுட்டால் குவியல் வேலை செய்கிறது. இளஞ்சூடாக இருந்தால் எங்கேயோ தப்பு. ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் தண்ணீர் கூடுதல், கையில் நிற்காமல் உதிர்ந்தால் குறைவு. உள்ளங்கை நனைய வேண்டும், அவ்வளவுதான். பலாச் சக்கைக் காலத்தில் காய்ந்த இலையை இரண்டு மடங்கு போடாவிட்டால் எல்லாம் புளித்துப்போகும். மீன் கழிவு வந்தால் குவியலின் நடுவயிற்றில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்காயும் நாயும் சேர்ந்து கூடத்தை எடுத்துக்கொள்ளும். அஞ்சுகிராமத்திலிருந்து வாழைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து என் உரத்துக்காகக் காத்து நின்றார்கள். மேஸ்திரி கையால் சலித்ததுதானே என்று கேட்டுத்தான் ஏற்றுவார்கள்.

இன்னொரு வித்தையும் எனக்கு உண்டு. அதில்தான் வினை வந்தது.

பேட்டரி வண்டியில் வரும் ஈரக்குப்பையை நீளமான மேடையில் கொட்டுவோம். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பிரிப்பார்கள். ஒரு வாளி அளவு குப்பையைப் பார்த்தால் போதும், அது எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். சின்ன மட்டிப் பழம் தின்கிற வீடு வேறு, செந்துளுவன் என்கிற செவ்வாழை தின்கிற வீடு வேறு. நெய்மீன் செதில் வந்தால் அந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. கஞ்சி மட்டும் நாலு நாள் வந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள். மேடையில் இருந்த ஸ்டெல்லா என்னைச் சீண்டுவாள். அவள் கடற்கரை ஊர்ப் பிள்ளை, வாய் நீளம்.

"அண்ணே, எனக்க வீட்டு வாளியைப் பாத்து ஒண்ணு சொல்லும் பாப்போம்."

"உனக்க வீட்டுல மீன்தலையே குப்பைக்கு வராது. அதையும் நீயே தின்னுருவ."

"நல்லாச் சொன்னீரு! அண்ணனுக்குச் செதில்கூடக் கிட்டாதுன்னு கொதி."

மேடையில் சிரிப்பு அடங்க நேரம் ஆகும். அதோடு நான் நின்றிருக்கலாம். டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அளப்பேன். "வாளியைத் திறந்து காட்டுங்க, உங்க வீட்டு நோக்காடு என்னன்னு நான் சொல்லுகேன்" என்பேன். ஒருமுறை ஒரு வீட்டு மாத்திரை அட்டையைப் பற்றிச் சொல்லி, கடையே கைதட்டியது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மேடையிலிருந்து "அம்மோ!" என்று ஒரு சத்தம். ஸ்டெல்லா வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஒரு செந்துளுவன் பழத்தோல். நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டோடு போட்டால் சீக்கிரம் மக்காது என்று அவள் பிய்க்கப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஊசி. இன்சுலின் போடுகிற சின்ன ஊசி, உள்ளங்கையில் ஏறி நின்றது.

கையுறை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஈரத்தில் பத்து நாள் தாங்காத கையுறை. கிழிந்தால் அடுத்தது வரும்வரை பொறு என்பார்கள். கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கையைப் பிதுக்கி ரத்தத்தை எடுத்து, துணியால் கட்டினேன். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டினார். "பிதுக்கவே கூடாது. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு நேரா இங்க வரணும்." எய்ட்ஸ் கிருமி ஏறாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், வாந்தி வரும், தலை சுற்றும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஊசி யாரோடதுன்னு தெரியுமா? அவங்க ரத்தத்தையும் பார்த்துட்டா, இந்த மாத்திரை வேணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள்ல சொல்லிடலாம்" என்றார்.

ஸ்டெல்லாவுக்கு ஒன்றரை வயதுப் பிள்ளை. வீட்டுக்குப் போனவள் பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம். டாக்டரம்மா தூக்கலாம் என்று சொல்லியும் மனசு கேட்கவில்லை.

யாருடைய ஊசி என்று நானா கண்டுபிடிக்க மாட்டேன்? பழத்தோல் கிடந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டெலும்பு, வடிகட்டிய தேயிலைச் சண்டி, அரிப்பத்திரி என்கிற அரிசி ரொட்டித் துண்டு. அந்தத் தெருவில் பத்திரி சுடுகிற வீடு ஒன்றுதான். எனக்கு வேறு சாட்சி வேண்டுமா? நேராக ஐஷா உம்மா வீட்டுக்குப் போனேன். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வயசான அம்மா, சுகர் உள்ளவர். கேட்டில் நின்று தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"உம்மா, ஊசியைப் பழத்தோலுக்குள்ள கட்டிப் போடுவீங்களா? ஒரு பிள்ளைக்க கையில ஏறியிருக்கு!"

உம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். உள்ளே போய், ஒரு பெரிய பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்தார். துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த டின். மூடி முழுக்க பிளாஸ்திரி. நடுவில் ஒரு கீறல்.

"தூக்கிப் பாருங்க வாப்பா. இது நெறஞ்சா நானே ஆஸ்பத்திரியில கொண்டு குடுப்பேன். எனக்கு நோவு உண்டு, ஊசி உண்டு. அதை நான் எதுக்குப் பழத்தோலுல பொதியணும்? ஒளிக்கவனுக்க வேலையில்லா அது?"

டின் கனத்தது. உள்ளே ஊசிகள் சலசலத்தன. டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள்தான் கேட்டேன்.

வாளியை நான் சரியாகத்தான் படித்தேன். ஆளைத்தான் தப்பாகப் படித்தேன். அந்தக் குப்பை உம்மாவின் வாளியிலிருந்து வந்ததுதான். ஆனால் ஆறு மணிக்கு வாளியை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உம்மா உள்ளே போவார், வண்டி வர ஏழரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம். மறுநாள் காலை உம்மா வாளி வைக்கும் முன்னாலேயே போய், மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். ஆறரை மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், சலவை வேட்டி. கையில் நூல் கட்டிய பழத்தோல். உம்மாவின் வாளியைத் திறந்து போட்டுவிட்டு மூடினார்.

கையைப் பிடித்துவிட்டேன்.

"யாருக்கய்யா ஊசி?"

அவர் கையை உருவப் பார்த்தார். முதலில் அதட்டிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "எனக்க மவளுக்கு. சின்னதுலேயே வந்த சுகர். கல்யாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது." அதோடு நிறுத்தியிருந்தால் நான் மேலும் கத்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. "வாளியைப் பாத்தா வீட்டு நோக்காடு தெரியும்னு டீக்கடையில சொன்னது நீருதானே? நான் அங்க உக்காந்திருந்தேன் வேய். பொறவு எனக்க வாளியில எப்பிடிப் போடுவேன்?"

என் கை தானாக விட்டுவிட்டது.

ஆனாலும் ஸ்டெல்லாவின் கை இருக்கிறதே. தாசையன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடை உட்பட. கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார்.

இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். நோட்டீஸ் இல்லை, ரெஜிஸ்டர் இல்லை. சார் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். ரத்தம் கொடுத்தால் போதும், பெயர் வெளியே போகாது என்றார். அந்த மனிதர் முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள், ஊரெல்லாம் பரவிவிடும் என்றார். சார் மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னார், குரல் உயராமல். அவர் மறுபடியும் முடியாது என்றார்.

அப்போது உள்ளே இருந்து அவர் மகள், அந்தப் பிள்ளை, வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

"அந்த அக்கா இப்ப எங்க?"

"வீட்டுல. பிள்ளையைத் தூக்க மாட்டேங்கா" என்றேன்.

"அப்பா, நான் போயிட்டு வாறேன்."

"ஏட்டி, நீ உள்ள போ."

"அந்தத் தோலை உங்க கையில கட்டிக் குடுத்தது நான்தானே? நான்தான் போவணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. நாங்கள் ஸ்டெல்லாவையும் வரச் சொன்னோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை போய் உட்கார்ந்தது. ஸ்டெல்லாதான் முதலில், "உனக்குத் தெனமும் குத்தணுமா மக்ளே?" என்று கேட்டாள். "நாலு தடவை" என்றது. "நான் ஒரு குத்துக்கே ஊரைக் கூட்டிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. அந்தப் பிள்ளை அழுதுவிட்டது.

இரண்டு நாளில் ரத்தம் சுத்தம் என்று வந்தது. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார். ஸ்டெல்லா அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கினாள். அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டுக்காரருக்கு அபராதம் போட வேண்டும், அவரையே மேடையில் நிற்க வைத்துக் குப்பை பிரிக்கச் சொல்ல வேண்டும் என்று குதித்தேன். தாசையன் சார் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"அவரை நான் பார்த்துக்கறேன். வீட்டுக்கு வீடு ரெண்டு வாளி வைக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? உங்க வாய்க்கும் ரெண்டு வாளி வையுங்க. சொல்லுறது ஒண்ணுல, சொல்லக் கூடாதது ஒண்ணுல."

அதற்குப் பிறகு எந்த வாளியில் எதைப் பார்த்தாலும் நான் வாய் திறந்ததில்லை. உம்மாவின் டின்னை வைத்துத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். வீடு வீடாகப் போய், ஊசி, பிளேடு, கண்ணாடிச் சில் எல்லாம் பால்பவுடர் டின்னில் போட்டுப் பிளாஸ்திரி ஒட்டித் தரச் சொன்னேன். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். வண்டியின் ஓரத்தில் ஒரு சிவப்பு டிரம். டின்னை வாங்கும்போது பணியாளர் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பது என் உத்தரவு. சிரித்தார்கள். ஆனால் டின்கள் வந்தன. எந்தெந்த வீடுகளிலிருந்து வந்தன என்று கேட்டால் நீங்கள் மூக்கில் விரல் வைப்பீர்கள். நான் ஓய்வு பெறுகிற நாள்வரை என் மேடையில் இன்னொரு கையில் ஊசி ஏறவில்லை.

அந்தச் சிவப்பு டிரம் இன்றைக்கு இல்லை. புது வண்டியில் பச்சை, நீலம் என்று வண்ணம் இருக்கிறது, டிரம்முக்கு இடம் இல்லை. என் டின்னை அந்தப் பச்சைச் சட்டைப் பெண்ணிடம் நீட்டினேன். வாங்கினாள். டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். இத்தனை மணிக்குள் இத்தனை வீட்டுப் படம் ஏற வேண்டுமாம். அவள் டின்னை ஈரக்குப்பைக்குள் போட்டாள். நான் இந்த வயதில் வண்டியின் பின்னால் ஏறி, கையை விட்டு அதை எடுத்தேன். அவள் பயந்துபோய், "எறங்குங்க தாத்தா, எறங்குங்க" என்றாள். "ஒனக்க கையில ஏறாம இருக்கத்தான் பிள்ளே" என்றேன். அதையும் யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள்.

இதை யோசித்த பெரியவர்களே, நான் கேட்கிறேன். வாளியைப் படம் பிடித்தால் ஜனங்கள் ஒழுங்காகப் பிரிப்பார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நான் செய்த தவறை, நீங்கள் தெருவெல்லாம் போனில் செய்கிறீர்கள். என் வாய் ஒரு வீட்டைத்தான் பயமுறுத்தியது, அதற்கே ஒரு பிள்ளையின் கை ரத்தம் விட்டது. வெட்கப்பட்டவன் குப்பையைப் பிரிக்க மாட்டான், ஒளிப்பான். ஒளித்ததைத் தேடிப் பிடிக்கப் போவது உங்கள் கேமரா இல்லை. மேடையில் நிற்கிற ஒருத்தியின் உள்ளங்கை.

கற்பனையாகச் சொல்லவில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை என் சொந்த வாளியைத் திறந்தேன். மேலே ஒரு பழத்தோல் கிடந்தது. நூல் சுற்றிக் கட்டியிருந்தது. நான் பழம் சாப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது.

கத்தரியால் நூலை வெட்டி, ஊசியை இடுக்கியால் எடுத்து என் டின்னில் போட்டேன். தோல் என்ன பழம், நூல் என்ன நூல், முடிச்சு எந்தக் கைக்கு வரும் முடிச்சு, எல்லாம் ஒரு பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வித்தை என்னை விட்டுப் போகவில்லை. பிறகு ஒரு புது டின் எடுத்து, மூடியில் கீறல் போட்டு, 'ஊசி' என்று எழுதி, மதில் திண்டில் கேட்டுக்கு உள்பக்கமாக வைத்தேன். தெருவிலிருந்து கை நீட்டினால் எட்டும். போனை நீட்டினால் படத்தில் விழாது. அளந்து பார்த்துத்தான் வைத்தேன். நிறைந்தால் நானே பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் கொடுப்பேன்.

இன்று காலை அந்த டின்னை எடுத்துக் குலுக்கினேன். சலசலத்தது. என் ஊசி ஒன்றுகூட அதில் கிடையாது. யார் வீடு என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்காதீர்கள்.